எந்தத் தெருவுக்கு எத்தனை கனஅடி?

வடகிழக்குப் பருவமழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால் ஓர் அறிவிப்பு வெளியாகும். உபரிநீர்க் கால்வாயின் இருபுறமும் உள்ள சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை ஆகிய ஊர்களிலும் அடையாற்றங்கரையின் தாழ்வான இடங்களிலும் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டு மாறும், கனஅடி மாறும், இந்த ஊர் வரிசை மட்டும் ஏறக்குறைய மாறாது. அறிவிப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் திருநீர்மலை என்பது ஒரு வீடு அல்ல. மலைமேல் ரங்கநாதர் சன்னிதியில் நிற்பவருக்கும், ஆற்றோர மனைப்பிரிவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கும் இது ஒரே வாசகத்தைத்தான் சொல்கிறது. தன் தெருவுக்குத் தண்ணீர் வருமா, எப்போது வரும், வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒருவர் கேட்டால் இதில் விடை கிடையாது. ஊர்ச்செய்தி இல்லாமல் பாதுகாப்பு இல்லை. மாவட்ட அளவில் வரும் எச்சரிக்கையைத் தெரு அளவுக்கு இறக்கித் தருவது மழைநீர் வடிகால் கட்டுவதைப் போலவே மாநகராட்சியின் வேலை. இதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கனஅடி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு கனஅடி என்பது வினாடிக்கு சுமார் 28 லிட்டர். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 68, ஒரே வினாடியில் கவிழ்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. அடுத்த வினாடியில் இன்னொரு 68. ஐந்து ஆண்டுகள் கழித்து, நிவர் புயலின்போது 2020 நவம்பர் 25 நண்பகலில் மதகு மறுபடி திறக்கப்பட்டது. முதலில் விட்டது 1,000 கனஅடி, அதாவது 2015-இன் உச்ச அளவில் இருபத்தொன்பதில் ஒரு பங்கு. பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். ஆனால் ‘செம்பரம்பாக்கம் திறப்பு’ என்ற தலைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். 2015 வெள்ளத்தை மாடியில் உட்கார்ந்து கழித்த குடும்பத்துக்கு அந்த இரண்டு சொற்களே போதும், நெஞ்சு படபடக்க. ஆயிரம் கனஅடிக்குக் கால்வாய் கரைக்குள்ளேயே ஓடுமா, ஐயாயிரத்துக்கு எந்தத் தரைப்பாலம் மூழ்கும், பத்தாயிரத்துக்கு எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கும் என்ற பட்டியலை யாராவது மழைக்கு முன்பே போட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படபடப்பில் பாதி தேவைப்பட்டிருக்காது. மீதிப் பாதி நியாயமானது, அது இருக்கட்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. திருநீர்மலைப் பக்கம் வருவது ஏரித் தண்ணீர் மட்டுமல்ல. ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாக வரும் அடையாற்றின் சொந்த வெள்ளமும் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து அதோடு சேர்வது திருநீர்மலையை ஒட்டித்தான். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, தாம்பரத்திலோ 49. மேல்பக்கத்தில் அப்படிக் கொட்டினால் மதகை இறுக மூடிவைத்திருந்தாலும் ஆறு பொங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே ‘எத்தனை கனஅடி விட்டிருக்கிறார்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர் பாதிச் செய்தியைத்தான் கேட்கிறார். ஏரியின் மட்டம் ஒரு கண். அது 24 அடிக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது. மேல்பக்கத்து ஆற்று மட்டம் இன்னொரு கண். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். நிர்வாக எல்லைகள் அதற்கு உதவவில்லை. ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் திருநீர்மலை. கால்வாய்க்கு இது தெரியாது.

ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சூழ்ந்த நீர் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்ததாகத் தலபுராணம். ஆழ்வாருக்கு அவசரமில்லை. இப்போது ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதுவும் செய்தி சரியாக வந்தால். முன்பு திருநீர்மலை தனிப் பேரூராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளோடு திருநீர்மலை உட்பட ஐந்து பேரூராட்சிகளும் அதில் அடங்கின; மொத்தம் 70 வார்டுகள். பணமும் இயந்திரமும் பெரிய அமைப்புக்குத்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அமைப்பு பெரிதாகும்போது அறிவிப்பும் பொதுவாகிவிடுகிறது. எழுபது வார்டுக்கும் சேர்த்துப் போடப்படும் ஒரு செய்தியில் ஒரு தெருவின் பெயருக்கு இடம் இருக்காது.

தண்டோரா இருந்த காலத்தில் செய்தி தெருமுனையில் நின்றது. இந்தத் தெருவுக்கு நாளை தண்ணீர் வராது, ஏரிக் கலங்கல் வழிகிறது, மாட்டை அவிழ்த்துக் கட்டு என்று ஊர்க்காரர் பேசும் பேச்சிலேயே வந்தது. அதற்காக அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது தவறு. பறையடிக்கும் வேலை குறிப்பிட்ட சமூகத்தவர் மேல் சுமத்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதியது சரியான முடிவு. பறை போனது நல்லது. அதோடு தெருவளவுச் செய்தியும் போய்விட்டதுதான் நட்டம். இப்போது வரும் ஆட்டோ, பதிவுசெய்த ஒரே குரலை ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டு வேகமாகக் கடக்கிறது. மழைச் சத்தத்தில் ‘பொதுமக்கள்’ என்ற சொல்லும் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற சொல்லும் மட்டும் காதில் விழுகின்றன.

கையில் போன் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். 2023 அக்டோபரில் தமிழகம் முழுவதும் போன்கள் ஒரே நேரத்தில் அலறிய பேரிடர் எச்சரிக்கைச் சோதனை பலருக்கு நினைவிருக்கும். நல்ல ஏற்பாடு. தனியார் வானிலை ஆர்வலர்களும் எளிய தமிழில் எழுதிப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் வானிலை மையத்தின் ‘ரெட் அலர்ட்’ செங்கல்பட்டு மாவட்டம் முழுமைக்கும். அந்த மாவட்டம் பல்லாவரத்தில் தொடங்கி மதுராந்தகம் தாண்டிப் போகிறது. வானம் என்ன செய்யும் என்பதை அவர்கள் சொல்கிறார்கள். தரை என்ன செய்யும் என்பதைத் தரையில் இருப்பவர்தான் சொல்ல முடியும். எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர், எந்த மின்மாற்றியை அணைத்திருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடம் இன்று முகாம் என்பவை சென்னை ராடாரில் தெரியாது.

அந்த இடைவெளியைத்தான் வாட்ஸ்ஆப் குரூப்கள் நிரப்புகின்றன. அவற்றைக் கேலி செய்வது எளிது. 2015 வெள்ளத்தில் படகும் பால் பாக்கெட்டும் எங்கே கிடைக்கும் என்று சொன்னவை அப்படிப்பட்ட குரூப்களும் முகநூல் பக்கங்களும்தாம். அதே நாட்களில் சென்னைக்கு 250 செ.மீ. மழை வரப்போவதாக ‘நாசா எச்சரிக்கை’ ஒன்றும் சுற்றியது. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் சுற்றியது. இரண்டும் பொய். எட்டு ஆண்டுகள் கழித்து, மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை சாவகாசமாகக் கடக்கும் வீடியோ வந்தது. பழைய கதைதான் என்று பலர் சிரித்திருப்பார்கள். இந்த முறை அது உண்மை. அப்பகுதி நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் இருக்கின்றன, கூச்ச சுபாவம் உள்ளவை, நெருங்காமல் இருந்தால் போதும் என்று வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாஹு அன்றே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. போனில் பார்க்கும்போது பொய் முதலையும் மெய் முதலையும் ஒரே மாதிரி. ‘ஃபார்வர்டை நம்பாதீர்கள்’ என்ற உபதேசத்தால் பயனில்லை. சரிபார்க்க ஓர் இடம் வேண்டும். அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2018 மே மாதம் சாட்சி: பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய புரளியில், போளூர் அருகே அத்திமூரில் கோயிலுக்கு வந்து, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே திரண்டு அடித்துக் கொன்றது.

மழையில்லாத நாளின் செய்திக்கும் இதே கதைதான். 2024 டிசம்பர் 5 அன்று பல்லாவரம் மலைமேடு, காமராஜர் நகர்ப் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் குடியிருப்போர். தண்ணீர் காரணமல்ல என்றார் அமைச்சர் தா.மோ. அன்பரசன். யார் சொன்னது சரி என்பதை ஆய்வகம் சொல்லட்டும். அன்றிரவு பக்கத்துத் தெருவில் இருந்தவருக்கு வேண்டியிருந்தது வாதம் அல்ல. குழாயைத் திறக்கலாமா கூடாதா என்ற ஒரு வரி. அதைச் சொல்வதும் அப்படியொன்றும் கடினமில்லை. குழாய்முனையில் பிடித்த தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும்; நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி மூடிவைப்பதற்குப் பதில் தெருமுனைப் பலகையில் எழுதினால் அதுவே ஊர்ச்செய்தி.

அதிகம் சொன்னால் பீதி பரவும் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. 2015-இல் எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு எட்டவே இல்லை என்றார்கள் கரையோரத்தவர். அந்த வழக்கு இன்றும் மக்கள் மனத்தில் முடியவில்லை. பீதி வளர்வது அரைகுறைச் செய்தியில். வலுவான மறுப்பு வேறொன்று: நான்கு முறை எச்சரித்து நான்கு முறையும் தண்ணீர் வராவிட்டால் ஐந்தாம் முறை யாரும் நகரமாட்டார்கள். உண்மை. அதனால்தான் எச்சரிக்கையில் படிநிலை வேண்டும், ஆபத்து நீங்கியதும் ‘நீங்கியது’ என்ற செய்தியும் வேண்டும். நம் ஊரில் எச்சரிக்கை வரும். அதைத் திரும்பப் பெறும் செய்தி வருவதே இல்லை. ஒரு செய்தியில் நேரம், இடம், சொன்னவர் பதவி, அடுத்த தகவல் எப்போது என்ற நான்கும் இருந்தால் போதும். ‘மாலை 4 மணி. ஆற்று மட்டம் பாலத்தின் இரண்டாம் கோட்டில். ஆற்றோரத் தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் இரவுக்குள் மேலே செல்லவும். அடுத்த தகவல் 6 மணிக்கு - உதவிப் பொறியாளர்.’ கேட்பது இவ்வளவுதான். பாலத்தூணில் மூன்று நிறத்தில் கோடு போட ஒரு பெயின்டர் அரை நாள் வேலை செய்தால் ஆயிற்று.

இதைக் கேட்க ஓர் இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். அந்தச் சபைகளில் குப்பை, தெருவிளக்கு, சாலைக் குழி பேசப்படுகின்றன; பேசப்பட வேண்டியவைதான். அடுத்த கூட்டம் உங்கள் வார்டில் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, அக்டோபர் பிறப்பதற்குள் பாலத்தூணில் கோடும், தெருமுனையில் பலகையும், அதில் எழுதுபவர் யார் என்பதும் தீர்மானமாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டு எண்களையும் வீட்டில் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில், காலண்டர் ஓரத்தில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.