மாமாவுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து... என் சிபில் ஸ்கோரைக் கவுத்த கதை!

"சும்மா ஒரு கையெழுத்துதான்மா. டியூ எல்லாம் நானே கட்டிடுவேன்!"

மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமா இப்படிச் சொன்னப்போ யோசிக்காம போட்டுக் கொடுத்தேன். கடைக்காக அவர் வாங்கிய 3 லட்சம் ரூபாய் கடன் அது. போன வருஷம் புதுச்சேரி காமராஜர் சாலையில் ஒரு ஷோரூமுக்கு ஸ்கூட்டர் எடுக்கப் போனேன். அட்வான்ஸ் பணம் கையில் ரெடி. "மேடம், உங்களுக்கு லோன் கிடைக்காது. ஒரு கணக்கு 68 நாள் ஓவர்டியூல இருக்கு" என்றார் ஃபைனான்ஸ் ஊழியர்.

எனக்குக் கடனே இல்லையே என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், மாமாவின் கடன் என் பெயரில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் 'கேரன்டர்' என்று ஒரு வார்த்தை.

ஜாமீன்னா சாட்சி இல்லை!

நம்மில் பலரும் ஜாமீன் கையெழுத்தை சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைக்கிறோம். ஆனால், 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு வேற சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாத வரை, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

"முதல்ல அவர்கிட்ட வசூல் பண்ணுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க"ன்னு சொல்ல முடியுமா? பிரெஞ்சு சிவில் சட்டத்தில் சாதாரண ஜாமீன்தாரருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. நம்ம ஊர் பழைய பிரெஞ்சு ஊராச்சேன்னு நம்பி உட்கார்ந்துடாதீங்க. இங்கே வங்கியில் போடும் கையெழுத்துக்கு இந்தியச் சட்டம்தான். வங்கி நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

முதல் வேலை, ரிப்போர்ட்டை எடுங்க

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும். இது ரிசர்வ் வங்கியின் விதி. ஸ்கோர் 300-ல் இருந்து 900 வரை. ஸ்கோரை மட்டும் பார்க்காம, ஒவ்வொரு மாசமும் எத்தனை நாள் தாமதம்னு காட்டும் கட்டங்களையும் பாருங்க.

கட்டிய டியூ கட்டாததாகவோ, நீங்க கையெழுத்தே போடாத கடனோ இருந்தால், ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரிசெய்யணும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். உதவிக்கு 14448.

பதிவு உண்மையா இருந்தா?

என் கதை இதுதான். தப்பு இல்லாத பதிவை யாராலும் அழிக்க முடியாது. 'காசு கொடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றோம்'னு வரும் மெசேஜை நம்பாதீங்க.

90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதுக்கு முன்னாடி நிலுவை டியூவை மட்டுமாவது கட்டிவிட்டால் சேதம் குறையும். பணத்தை மாமா கையில் கொடுக்காதீங்க. உங்க வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கே அனுப்பி, ரசீதை வச்சுக்கோங்க. ஏன்னா, நீங்க கட்டிய தொகையை அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 145-வது பிரிவு தருகிறது. வழக்குப் போடணும்னா, கட்டிய நாளிலிருந்து 3 வருஷம்தான் டைம்.

'செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்க' என்று வங்கி சொன்னால் அவசரப்படாதீங்க. ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்து கடன் தருபவர் அதைப் பார்த்தாலே தயங்குவார். முடிஞ்சவரை முழுசா அடைச்சு 'க்ளோஸ்டு' ஆக்கி, என்.ஓ.சி வாங்கிடுங்க.

ஜாமீனிலிருந்து விலக நீங்க மட்டும் லெட்டர் கொடுத்தால் போதாது. வேற ஜாமீன்தாரரையோ அடமானத்தையோ வங்கி ஏத்துக்கிட்டால்தான் நடக்கும்.

அப்புறம் பொறுமைதான். உங்க கார்டு பில்லை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. லிமிட்டை முழுசாத் தேய்க்காதீங்க. லோன் கிடைக்குமான்னு பத்து இடத்தில் அப்ளை பண்ணாதீங்க.

மாமாகிட்ட எப்படிப் பேசுறது?

ஷோரூமில் இருந்து நேரா அவர் கடைக்குத்தான் போனேன், சண்டை போட. கடையில் சரக்கே பாதிதான் இருந்தது. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா" என்றார். மூணு மாசமா அவர் என் போனை எடுக்காததன் காரணம் அப்போதான் புரிந்தது.

ஸ்கூட்டர் அட்வான்ஸுக்கு வச்சிருந்த பணத்தில் மூணு டியூவையும் அபராதத்தையும் கட்டினேன். ஒரு வெள்ளைத் தாளில், எவ்வளவு, எப்போ திருப்பித் தருவார்னு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். கேட்கவே சங்கடமா இருந்துச்சு. ஆனா, அந்தத் தாள் இருப்பதால்தான் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போக முடிந்தது.

இப்போ மாசா மாசம் டியூ கட்டிய ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புறார். ஸ்கோர் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஸ்கூட்டர் இன்னும் வாங்கலை.

உங்ககிட்டயும் யாராவது 'சும்மா ஒரு கையெழுத்து' கேட்டால், ஒண்ணே ஒண்ணு யோசிங்க. நாளைக்கு இந்தக் கடன் முழுசையும் நானே கட்ட முடியுமா? முடியாதுன்னா, இன்னிக்கே மரியாதையா சொல்லிடுங்க. கோபம் நாலு நாளில் போயிடும்.