காருக்குக் கார் மாறும் குழந்தை இருக்கை

மடியில் இறுக அணைத்துக்கொண்டால் குழந்தை பத்திரம் என்று பலரும் நம்புகிறோம். கணக்கு வேறு சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தக் கைக்கும் அது இயலாது. அதற்காகத்தான் கார் சீட்.

ஏவுதலின்போது ஜெமினி விண்கல வீரர்கள் மல்லாந்த நிலையில் முதுகால் விசையைத் தாங்கினார்கள். அதைக் கண்டு, பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை 1960களில் வடிவமைத்தார் ஸ்வீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. பின்னோக்கி அமர்ந்தால், முன்பக்க மோதலின் விசை முதுகு முழுவதும் பரவி, கழுத்து தப்பிக்கிறது. 15 மாதம் முடியும்வரை இப்படித்தான் அமர வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் ‘ஐ-சைஸ்’ விதி.

இருக்கையைக் காரோடு பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐசோஃபிக்ஸ். பின்சீட்டின் இடுக்கில் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். இருக்கையின் கொக்கிகளை அவற்றில் மாட்ட வேண்டும். இருக்கை முன்னால் கவிழாதிருக்க மேல்வாரோ தாங்குகாலோ துணை நிற்கும். மற்றொன்று காரின் சீட் பெல்ட். இருக்கையில் குறித்துள்ள வழியில் முறுக்கில்லாமல் கோத்து, இருக்கையை அழுத்திப் பிடித்தபடி பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும்.

தாத்தாவின் காருக்கு மாற்றும்போதுதான் கவனம் தேவை. பழைய கார்களில் ஐசோஃபிக்ஸ் இல்லாமல் போகலாம். சீட்டின் சரிவு மாறினால் குழந்தை சாயும் கோணமும் மாறும்; தலை முன்னால் தொங்கினால் மூச்சு தடைப்படும். தரைக்கடியில் பொருள் வைக்கும் அறை இருந்தால், அதன் மூடிமேல் தாங்குகாலை ஊன்றக் கூடாது. ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது.

மாட்டியதும் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். குழந்தையின் தோள்வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு. அபராதத்துக்கு அஞ்சி அல்ல, குழந்தைக்காக இதைச் செய்யுங்கள். கார் மாறும் ஒவ்வொரு முறையும், காரின் கையேட்டையும் இருக்கையின் கையேட்டையும் பார்த்து, புதிதாக மாட்டுவதுபோலவே சரிபாருங்கள்.