ஒரு ‘டிக்’… ஒன்பது இடத்தில் வெளிச்சம்!

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. இருபுறமும் கார் ஆக்சஸரீஸ் கடைகள். ஒரு கடை வாசலில் நான்கு கதவும் திறந்து நிற்கும் காருக்குள்ளிருந்து எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டுகிறார். ‘டிக்’ என்று எங்கோ ஒரு சத்தம். டேஷ்போர்டின் குறுக்கே ஒரு நீலக் கோடு, கால் வைக்கும் இடம் நான்கிலும் ஒளி, டோர் பேடு நான்கிலும் ஒளி. ஒன்பது இடங்களும் ஒரே நொடியில்! அடடா, என்ன அழகு! ஆனால், இதைவிட அழகான ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வாங்க, தலையை உள்ளே விடுவோம்!

சத்தம் எங்கிருந்து வந்தது?

சுவிட்சிலிருந்து என்றுதான் தோன்றும். இல்லவே இல்லை! பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாத ஒரு கறுப்புப் பெட்டி போட்ட சத்தம் அது. அதன் பெயர் ரிலே. உள்ளே ஒரு செம்புக்கம்பிச் சுருள். சுவிட்சைத் தட்டியதும் சுருள் காந்தமாகிறது. ஒரு தகட்டை ‘டிக்’ என்று இழுக்கிறது. பேட்டரியிலிருந்து விளக்குகளுக்குப் பாதை திறக்கிறது.

கல்யாண மேடையில் விரல் உயர்ந்ததும் கெட்டிமேளம் அதிருமே, அந்த விரல்தான் சுவிட்ச். மேளக்காரர் ரிலே!

கணக்கைப் பார்த்தால் இன்னும் உற்சாகமாக இருக்கிறது. மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 5050 ரக எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், 12 வோல்ட்டில் மீட்டருக்குச் சுமார் 1.2 ஆம்பியர் எடுக்கும். ஒன்பது இடத்துக்கும் சேர்த்து 4 மீட்டர் என்றால், கிட்டத்தட்ட 5 ஆம்பியர். ரிலேயின் சுருளுக்கோ 0.2 ஆம்பியர்கூட வேண்டாம். சுவிட்ச் வழியாக ஓடுவது அவ்வளவுதான். அதனால்தான் சின்ன சுவிட்ச் சூடேறாமல் பல வருஷம் உழைக்கிறது.

நாலு கால், நாலு வேலை

ரிலேயைத் திருப்பிப் பாருங்கள். காலடியில் 30, 85, 86, 87 என்று எண்கள். ஜெர்மனியின் டின் 72552 தரத்தில் வரும் இந்த எண்கள் நம்மூர் ஒர்க்‌ஷாப் வரை அப்படியே புழங்குகின்றன! 30-க்குப் பேட்டரியிலிருந்து நேர் வயர். 87-லிருந்து விளக்குகளுக்கு. சுவிட்சிலிருந்து வரும் வயர் 86-க்கு. 85 எர்த்துக்கு. முடிந்தது!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுவிட்சுக்கு வரும் கரன்ட்டை, சாவியை ஏ.சி.சி. (ஆக்சஸரி) நிலைக்குத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃப்யூஸிலிருந்து எடுக்கிறார் அண்ணன். சாவியைக் கழற்றினால் ஒன்பது விளக்கும் தானாக அணையும். மறந்துபோய் விட்டுவிட்டு, காலையில் பேட்டரி இறங்கி நிற்கும் வேலையே இல்லை.

விளக்குகள் ஒன்பதும் பேரலலில் ஓடுகின்றன. எல்லா பிளஸ்ஸும் ஒரு முனையில், எல்லா மைனஸும் பாடி எர்த்தில். ஒரு கதவில் வயர் அறுந்தாலும் மற்ற எட்டும் எரியும். ஸ்ட்ரிப்புக்குள்ளோ வேறு கதை: மும்மூன்று விளக்குகள் சீரீஸில் ஒரு ரெசிஸ்டருடன் கைகோத்திருக்கின்றன. அதனால் மூன்றுக்கு ஒரு தரம், அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒரு தரம், கத்தரிக்கக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் வெட்டினால் இரண்டு துண்டும் எரியும்!

கண்ணுக்குத் தெரியாத கைத்திறன்

என்னை மயக்கியது இந்தப் பகுதிதான். வயரை வெட்டவெளியில் விடுவதே இல்லை. கம்பெனி ஹார்னஸ் (வயர் கட்டு) போகும் வழியிலேயே கூட்டிப்போய், துணி டேப் சுற்றுகிறார். சாதா இன்சுலேஷன் டேப் நம்மூர் வெயிலில் பசை உருகிப் பிசுபிசுத்து விலகிவிடும். இணைப்புகளை சோல்டர் செய்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுகிறார். ஸ்லீவ் சுருங்கி வயரைக் கவ்விக்கொள்கிறது. கதவுக்குப் போகும் வயர், கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் கொஞ்சம் தளர்வாக நுழைகிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைய வேண்டுமே!

மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கை தானாகப் பின்வாங்குகிறது. பெரும்பாலும் அது ஏர்பேகுடையது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் பில்லருக்குள் வயர் போனாலும், பேகு விரியும் பாதையைத் தொடாமல் அதன் பின்னால்தான் போகும்.

விளக்குகளுக்குப் போகும் வயரில் ஃப்யூஸ் இருப்பது பேட்டரிக்கு வெகு பக்கத்தில். “விளக்கைக் காப்பாத்த ஃப்யூஸ் போடல தம்பி, வயரைக் காப்பாத்தப் போடுறோம்,” என்கிறார். எவ்வளவு பெரிய உண்மை! வழியில் எங்காவது வயர் உரசி பாடியைத் தொட்டால், 5 ஆம்பியரோடு நிற்காது. பேட்டரி தன்னால் முடிந்த அத்தனையையும் கொட்டும். வயர் கொதித்துத் தீப்பிடிக்கும் முன் 7.5 ஆம்பியரின் பழுப்பு நிற ஃப்யூஸ் அறுந்து வழியை அடைத்துவிடும். விளக்குக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இருந்திருந்தால், அதற்கு முந்தைய வயர் முழுக்க அநாதைதான்.

அழகு விளக்கு மாட்டுவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடும்பமே உட்காரும் இடத்தில் மின்சாரத்தை அழகாக ஓடவிடுவதும், ஆபத்தில்லாமல் ஓடவிடுவதும் ஒரே திறமை. உங்கள் காருக்கும் ஆசை வந்துவிட்டதா? தாராளமாகப் போடுங்கள்! சாவியைக் கொடுக்கும் முன் மூன்றே கேள்விகள்: ஃப்யூஸ் எங்கே வைப்பீர்கள்? ரிலே போடுவீர்களா? எர்த் எங்கே எடுப்பீர்கள்? இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து விளக்க ஆரம்பிக்கிறாரே, அவரிடம் தைரியமாகக் காரை விடுங்கள்!