ஒரு சொட்டு போகும் தூரம்

கண்ணில் விடும் சொட்டு மருந்தில் நூற்றில் ஐந்து பங்குகூட விழிக்குள் நுழைவதில்லை. மீதி கன்னத்தில் வழியும், அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கித் தொண்டையில் கசக்கும். உள்ளே போன அந்தச் சொற்பம், கண்ணின் பின்கோடியில் பார்வை நரம்புக்கு ரத்தம் தரும் நாளங்களைத் தொடுமா? கண் அழுத்த நோயை ஆராய்ந்தவர்கள் முயலையும் குரங்கையும் வைத்துப் பல ஆண்டுகள் இதைத் துருவியிருக்கிறார்கள்.

அந்த இடத்தை எண்ணிப் பார்த்தாலே கை கூப்பத் தோன்றும். மனிதக் கண்ணில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகல வட்டத்தின் வழியே வெளியேறுகின்றன. அவற்றுக்கு முக்கியமாக ரத்தம் தருபவை பின் சிலியரி தமனிகள். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே, இதை நிறுவ வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். இந்தத் தமனிகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும் காட்டினார். படைத்தவன் ஒரே அச்சில் வார்க்கவில்லை.

ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த நாளங்கள் மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. தாமே சுருங்கியும் விரிந்தும் ரத்த ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன.

இவ்வளவு நுண்ணிய நாளங்களைக் கண்ணால் காண ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். முயலின் ரத்த நாளங்களில் பிசினைச் செலுத்தி இறுக விடுவார்கள். பிறகு சதையைக் காரத்தில் கரைத்துவிட்டால், நாளங்களின் வார்ப்பு மட்டும் வேர்க்கொத்துபோல் நிற்கும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், நாளத்தின் உட்சுவர்ச் செல்களின் உட்கருக்கள் பதித்த சிறு குழிகள்கூடத் தெரியும். நாளம் இறுகிய இடத்தில் வார்ப்பின் இடுப்பு சிறுத்திருக்கும். அதைக் காட்ட ஒரு முயல் உயிரைக் கொடுத்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கண் ஆய்வாளர் வான் பஸ்கிர்க்கும் சகாக்களும் முயலின் பார்வை நரம்பருகே எண்டோதெலினைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். நம் நாளச் சுவர்களே சுரக்கும் இந்தப் பொருள், நாளங்களைச் சுருக்குவதில் பெரும் வல்லமை கொண்டது. 1988-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அதைச் செலுத்தியதும் முயலின் நரம்புக்குப் போகும் ரத்தம் குறைந்தது. அளவைக் கூட்டக் கூட்ட விளைவும் கூடியது.

நேர்மாறான காட்சியைப் பன்றிகள் தந்தன. ஐஸ்லாந்தின் ஐனர் ஸ்டெஃபான்சனும் சகாக்களும் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டார்சோலமைடு மருந்தைச் சொட்டாக அல்ல, ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். பார்வை நரம்பில் ஆக்சிஜன் ஏறியது. இம்மருந்து திசுவில் கரியமில வாயுவைத் தேக்க, மூச்சு முட்டுகிறது என்று கருதியதுபோல் நாளங்கள் விரிந்துகொடுப்பதே காரணம் எனக் கருதுகிறார்கள்.

சொட்டைப் பொறுத்தவரை முயலை அப்படியே நம்பிவிட முடியாது. அது எப்போதாவதுதான் இமைக்கும். மருந்து கண்ணில் நெடுநேரம் தங்கும். அதன் விழித்திரையில் நரம்பின் இருபுறம் விரியும் வெண்பட்டைகளில் மட்டுமே ரத்த நாளங்கள் ஓடுகின்றன. மற்ற பகுதி அடியிலுள்ள படலத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது. ஒரு கண்ணில் விட்ட மருந்து ரத்தத்தில் கலந்து மறுகண்ணையும் தொடுவதால், மறுகண்ணை மருந்து தொடாத கண்ணாக வைத்து ஒப்பிடுவதும் சிக்கல். சொட்டு பின்கோடி நாளங்களைத் தொடுமா என்பது இப்படி உறுதியாகாததால், இன்றும் கண் அழுத்த நோய்க்கு மருத்துவர்கள் சொட்டு மருந்து எழுதித் தருவது கண் அழுத்தத்தைக் குறைக்கத்தான்.