உங்களுக்குத் தெரியுமா? கப்பல் வரியை ஒழித்தவர்களே கலால் வரியைக் கொண்டுவந்தார்கள்

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வசூலித்த ‘கப்பல் வரி’ ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பவுண்டு. அது சட்டவிரோதம் என்று 1641-இல் அறிவித்த அதே நாடாளுமன்றம், மன்னருக்கு எதிரான உள்நாட்டுப் போரின்போது 1645-இல் புதிய படைக்காக விதித்த வரி மாதத்துக்கு 53,000 பவுண்டுக்கும் அதிகம். அதுவும் தன் பிடியிலிருந்த மாவட்டங்களிடம் மட்டும்! நான்கே மாதத்தில் பழைய ஓராண்டுச் சுமையை அது தாண்டியது. போதாக்குறைக்கு, நாடாளுமன்றத் தரப்பின் தலைவர்களில் ஒருவரான ஜான் பிம் வற்புறுத்தி 1643 ஜூலையில் கொண்டுவந்த கலால் வரி பீரில் தொடங்கி, பிறகு இறைச்சி, உப்பு என ஏழைகளின் அடுப்படிவரை நுழைந்தது.

மன்னர் தன்னிச்சையாகப் பறித்தார், நாடாளுமன்றத்தினரோ மக்களின் பிரதிநிதிகள் என்று சிலர் வாதிடலாம். அது பாதி உண்மைதான். வாக்குரிமை ஆண்களில் ஒரு பகுதியினருக்கே இருந்தது. பீருக்கும் உப்புக்கும் வரி கட்டியவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் மக்கள் கலால் அலுவலகத்தைக் கொளுத்தியதை வெறும் கலவரம் என்று ஒதுக்குவது அநியாயம். அப்படியானால் இரு தரப்பும் ஒன்றா? இல்லை. வசூலான பணத்துக்குக் கணக்குக் கேட்க 1644-இலேயே தனிக்குழு அமைந்தது. ஸ்மித்ஃபீல்டு எரிந்த சில மாதங்களிலேயே இறைச்சிக்கும் உள்நாட்டு உப்புக்கும் வரி நீங்கியது. பீர் மீதான வரியோ, போருக்குப் பின் ஒழிக்கப்பட்ட முடியாட்சி 1660-இல் திரும்பியபோதும் நீடித்தது. அதில் பாதியைப் புதிய மன்னருக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுத்ததும் நாடாளுமன்றமே.