குருதி வாயிலைக் கடந்த மொழி

வந்திருப்பவர் யாரென்று வீட்டுக்காரர் பார்க்கக் கதவிலே சிறு துவாரம் வைப்பார்கள். தெருவிலே நிற்பவன் திறந்து, வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கத் துவாரம் வைத்த ஊரைக் கேள்விப்பட்டதுண்டா? இருக்கிறது, இத்தாலியின் தெற்கே, கலாப்ரியாவிலே, கடலோரக் குன்றின்மீது. குவார்தியா பியமொந்தேசே என்பது பெயர்.

பெயரிலேயே கதை இருக்கிறது. பியமொந்தே என்பது வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரம். அங்கிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் பிழைக்க வந்தவர்கள் இவ்வூரார். கொண்டுவந்த சொத்து இரண்டு: ஓக்சித்தான் மொழி ஒன்று, வால்டோ வகுத்த கிறித்தவ நெறி மற்றொன்று. வேதம் இலத்தீனிலே இருந்தால் ஏழைக்கு எப்படிப் புரியும் என்று, 12-ஆம் நூற்றாண்டிலேயே அதை மக்கள் மொழியில் பெயர்க்கச் செய்த லியோன் நகர வணிகர் அவர். புரோகிதர் பொறுப்பாரா?

1561 ஜூன் மாதம் படை வந்தது. வெட்டினர், கொளுத்தினர். அருகிலுள்ள மொந்தால்தோவில் 88 பேரை ஒருவர்பின் ஒருவராகக் கழுத்தறுத்தனர். குவார்தியாவின் கோட்டை வாயில் வழியே இரத்தம் ஓடிற்றாம். இன்றும் அதற்குக் 'குருதி வாயில்' என்றே பெயர். மிஞ்சியோருக்குக் கட்டளை பிறந்தது: மதத்தை விடு! உங்களுக்குள் மணம் முடிக்காதே! உன் மொழியைப் பேசாதே! அதைக் கண்காணிக்கத்தான் கதவிலே துவாரம்.

மதம் மாறிற்று. மொழியோ அடுப்பங்கரையிலே பதுங்கிற்று, தாயின் மடியிலே தங்கிற்று. துவாரத்தைக் கதவிலே போடலாம். நாக்குக்குப் பூட்டுச் செய்யும் தச்சன் உண்டா? கலாப்ரியச் சொற்களும் கலந்து, ஊர்ப்பெயரால் குவார்தியோல் என்று அழைக்கப்பட்டு, நானூறு ஆண்டுக்கு மேலும் வாழ்ந்தது அம்மொழி.

நம்மை வருத்துவது இனிமேல்தான். பாசிச ஆட்சி சிறுபான்மை மொழிகளை நசுக்கியதிலே வியப்பில்லை. குடியரசு என்ன செய்தது? 1948-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 6-ஆம் விதி, மொழிச் சிறுபான்மையினரைக் காப்போம் என்று வாக்களித்தது. வாக்கை நிறைவேற்றும் பொதுச்சட்டம் வந்ததோ 1999 டிசம்பரில்! 51 ஆண்டு! பன்னிரண்டு மொழிகளின் பட்டியலிலே ஓக்சித்தானுக்கும் இடம் கிடைத்தது. பள்ளியிலே கற்பிக்க வழி பிறந்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை இத்தாலியன் படித்து, வேலை தேடிக் குன்றிறங்கிப் போயிற்றே! யுனெஸ்கோவின் அழிவுறும் மொழிகள் பட்டியலிலும் குவார்தியோல் ஏறிவிட்டதே!

சட்டப் புத்தகத்திலே பாட்டியின் மொழிக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. பேரனின் வகுப்பறையிலே அதற்கு வாரம் எத்தனை மணி நேரம் என்றுதான் ரோமாபுரி ஆட்சியாளரை நாம் கேட்கிறோம்.