'வயரிங் மொத்தம் இவ்வளவு'ன்னு ஒரே வரியில் எஸ்டிமேட் கொடுக்கிறாங்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

வீடு கட்டுறவங்களுக்கு சிமென்ட் மூட்டை விலையும் கம்பி விலையும் மனப்பாடமா தெரியும். ஆனால் எலக்ட்ரீஷியன் கொடுக்கும் சீட்டில் 'வயரிங் மொத்தம்' என்று ஒரே ஒரு தொகை இருந்தால், பெரும்பாலானோர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார்கள். ஒரே பிளானுக்கு இன்னொருவரிடம் கேட்டு, தொகை ரொம்ப வித்தியாசமா வரும்போதுதான் சந்தேகம் வரும். யார் ஏமாத்துறாங்க? பல நேரம் யாருமே இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு வேலைக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

'பாயின்ட்' என்றால் என்ன?

வயரிங் கூலியைச் சிலர் சதுர அடிக்குப் பேசுவார்கள், சிலர் பாயின்ட்டுக்குப் பேசுவார்கள். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் என ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட்.

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். ட்யூப் லைட் 1, நைட் லாம்ப் 1, ஃபேன் 1, கட்டில் பக்கம் பிளக் 2, டிவிக்கு 1, ஏசிக்கு 1. மொத்தம் 7 பாயின்ட். கட்டிலில் படுத்தபடியே லைட்டை அணைக்க இன்னொரு சுவிட்ச் வேணும்னா, அது டூ-வே பாயின்ட். அதற்குக் கூடுதல் வயரும் கூலியும் ஆகும். சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் பிளக்கைச் சிலர் தனி பாயின்ட்டாக எண்ணுவார்கள், சிலர் எண்ணமாட்டார்கள். இதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

வயர் எவ்வளவு வேணும்?

வீட்டு வயர் 90 மீட்டர் காயிலாக விற்கப்படுகிறது. மூன்று அறைகளில் ஏசி, மெயின் போர்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ், நியூட்ரல் என இரண்டு வயர். 3 x 15 x 2 = 90 மீட்டர். சரியாக ஒரு காயில்!

கணக்கு சரிதான், ஆனால் சைட்டில் பத்தாது. பைப் வளையும் இடம், போர்டுக்குள் விடும் மிச்சம் எல்லாம் சேர்ந்தால் கடைசி ஏசிக்கு சில மீட்டர் குறையும். அந்த நேரத்தில் துண்டு வயரை ஒட்டி, இணைப்பைப் பைப்புக்குள் மறைக்கக் கூடாது. சூடாகும் இடமே அந்த இணைப்புதான். அதனால் சேதாரத்துக்கும் சேர்த்துப் போட்டதுதான் நல்ல எஸ்டிமேட். எர்த் வயர் இதில் சேரவில்லை, அது தனி.

எந்த அளவு வயர்?

வழக்கமாக லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போடுவார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? 2,000 வாட் கீசரை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். இதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்ட முடியாது. எஸ்டிமேட்டில் வயரின் அளவும் பிராண்டும் எழுதாமல் 'நல்ல வயர்' என்று மட்டும் இருந்தால், எந்த வயர் வரும்னு யாருக்கும் தெரியாது.

எங்கே 'கம்மி' ஆகும்?

ரொம்பக் குறைவான எஸ்டிமேட் வந்தால் முதலில் இரண்டு விஷயங்களைத் தேடுங்க: எர்த்திங், ஆர்சிசிபி.

எம்சிபி இருந்தாலே ஷாக் அடிக்காதுன்னு பலர் நம்புறாங்க. அது தவறு. எம்சிபி, வயரில் ஓவர்லோடோ ஷார்ட் சர்க்யூட்டோ வந்தால் விழும். மனித உடம்பு வழியாகக் கசியும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. வீடுகளுக்கான ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் விழும்படி செய்யப்பட்டது. 6 ஆம்பியரில் இது 200-ல் ஒரு பங்கு.

கீசருக்குள் ஹீட்டர் காயில் பழுதாகிக் கசிந்தால், எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில் ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறவர்தான் அந்த மின்சாரத்துக்கு வழி. மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லீங்க.

விலை ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

வயரின் விலையில் பெரும்பங்கு காப்பர். உலகச் சந்தையில் அதன் விலை ஏறினால் கம்பெனிகள் லிஸ்ட் விலையை மாற்றிவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு முந்தைய எஸ்டிமேட்டை நம்பி இன்று கடைக்குப் போக முடியாது.

வயர், சுவிட்சுக்கு ஜிஎஸ்டி 18%. ஒருவர் வரி சேர்க்காமல் 2,00,000 என்றும், இன்னொருவர் வரியோடு 2,20,000 என்றும் சொன்னால், முதல் தொகை முழுக்கப் பொருள் விலையாக இருந்தால் அது 2,36,000 ஆகிவிடும். 'குறைவு' எதுன்னு இப்போ புரியுதா?

சீட்டில் வராத செலவுகள்

ஈபி இணைப்புக்கான கட்டணமும் டெபாசிட்டும் பெரும்பாலும் தனி. கட்டுமானத்துக்கு எடுக்கும் தற்காலிக இணைப்பின் யூனிட் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம். சுவர் வெட்டிப் பைப் பதித்த பிறகு பூசும் வேலை யாருடையது, எலக்ட்ரீஷியனா மேஸ்திரியா? இதிலும் சண்டை வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் செலவு வைப்பது மனசு மாறுவதுதான். ஃபேன் பெட்டியும் பைப்பும் கூரைக் கான்கிரீட் போடும் முன்பே வைக்கப்பட வேண்டும். 'இங்கேயும் ஒரு ஃபேன் வச்சிருக்கலாமே' என்று பிறகு தோன்றினால், மறுபடியும் வெட்டணும், பூசணும், பெயின்ட் அடிக்கணும்.

பெரிய கட்டடங்களுக்கு?

முறை அதேதான். ஆலை, மருத்துவமனை, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால் வரைபடத்திலிருந்து ஒவ்வொரு கேபிளும் நீளத்தோடு பட்டியலிடப்படும். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் அளக்கும் கருவிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அங்கே விடுபட்டுப்போவது பெரும்பாலும் பொருள் கிடையாது. கருவிகளைப் பொருத்திய பிறகு அளவு சரிபார்த்து, சோதித்து, ஓடவிடும் செலவுதான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. எந்த அறையில் எத்தனை பாயின்ட் என்று எழுதித் தந்திருக்கிறார்களா?
2. வயரின் அளவு, பிராண்ட், எத்தனை காயில் என்று இருக்கிறதா?
3. எர்த்திங், ஆர்சிசிபி சேர்ந்திருக்கிறதா?
4. ஜிஎஸ்டி உள்ளேயா, வெளியேயா? இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும்?
5. கூடுதல் பாயின்ட் கேட்டால் ஒன்றுக்கு எவ்வளவு?
6. மிச்சமாகும் வயர் யாருக்கு?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் வாங்கி, இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அப்புறம் கூட்டுத்தொகையைப் பார்க்கலாம்.